30, 40 வயசுல டிகிரி சேர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் 12 முடிச்ச கையோட வேலைக்கு போயிட்டேன், கரூர்ல ஒரு டெக்ஸ்டைல் ஆபீஸ்ல அக்கவுன்ட்ஸ், 31 வயசுல தான் பி.ஏ. சேர்ந்தேன், வேலை பாத்துக்கிட்டே கரஸ்ல, அதாவது தொலைதூரக் கல்வில முடிச்சேன். அதுல இருந்து எங்க தெருவுலயும் ஆபீஸ்லயும் யாருக்காவது படிப்பு விஷயம்னா "அக்கா இத கொஞ்சம் பாருங்க"ன்னு பேப்பர எடுத்துட்டு வருவாங்க. திரும்பத் திரும்ப ஒரே கேள்வி தான் வருது, அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன். இது எல்லாம் தமிழ்நாட்டுல இருக்கவங்கள மனசுல வச்சு எழுதுனது.

எனக்கு 36 வயசு. இனிமே டிகிரி சேர விடுவாங்களா? வயசு வரம்பு ஏதும் இருக்கா?

தொலைதூரக் கல்வி, திறந்தநிலை பல்கலைக்கழகம் ரெண்டுலயும் இத்தன வயசுக்குள்ள தான் சேரணும்னு கிடையாது. 36 என்ன, 66ல கூட சேரலாம். 2017ல பாட்னால ராஜ்குமார் வைஷ்யான்னு ஒரு தாத்தா நாலந்தா திறந்தநிலை பல்கலைக்கழகத்துல எம்.ஏ. எகனாமிக்ஸ் முடிச்சாரு, அவருக்கு அப்ப வயசு 98. நீட் தேர்வுக்கு இருந்த உச்ச வயச கூட 2022ல எடுத்துட்டாங்க, 2025ல தென்காசி பக்கத்துல 49 வயசு அம்மா ஒருத்தங்க மகளோட சேர்ந்து நீட் எழுதி மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டுல விருதுநகர் அரசு மெடிக்கல் காலேஜ்ல சீட் வாங்குனாங்க.

ஆனா ஒன்னு, அரசு கலைக் கல்லூரில பகல் நேர ரெகுலர் சீட்டுக்கு வயசு வரம்பு வச்சிருக்காங்க, அது அந்தந்த வருஷ அட்மிஷன் வழிகாட்டுதல்ல இருக்கும், அப்ளை பண்றதுக்கு முன்னாடி அத படிச்சிடுங்க. தனியார் காலேஜ்ல மாலை வகுப்பு, ஷிப்ட் 2ன்னு சொல்வாங்க, அதுல சேரணும்னா நேர்ல போய் பிரின்சிபல் ஆபீஸ்லயே கேட்டுடுறது நல்லது.

நான் 10வதோட நின்னுட்டேன். 12 இல்லாமலே நேரா டிகிரி சேத்து விடுறேன்னு ஒருத்தர் சொல்றாரு. சேரலாமா?

தயவு செஞ்சு இந்த பதில முழுசா படிங்க, ஏன்னா நிறைய பேர் காசும் போயி வருஷமும் போயி நிக்கிறது இந்த இடத்துல தான்.

12 இல்லாதவங்கள ஒரு முன் தயாரிப்பு கோர்ஸ் படிக்க வச்சு டிகிரில சேத்துக்கிற வழி உண்மையிலேயே இருக்கு. இக்னோன்னு சொல்ற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலை பல்கலைக்கழகத்துல அப்படி ஒரு கோர்ஸ் ரொம்ப வருஷமா நடக்குது. அதுல யாரும் ஏமாத்தல, டிகிரியும் கையில வரும். பிரச்சனை அந்த டிகிரிய எங்க கொண்டு போய் குடுக்குறீங்கங்கிறதுல இருக்கு. தமிழ்நாடு அரசு 2009 ஆகஸ்ட்ல ஒரு அரசாணை போட்டுச்சு, எண் 107, பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை. அதுல தெளிவா சொல்லிட்டாங்க, 10வது, அதுக்கப்புறம் 12வது, அதுக்கப்புறம் டிகிரி, இந்த வரிசைல படிச்சிருந்தா தான் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் எடுத்துப்போம்னு. டி.என்.பி.எஸ்.சி.யும் இதே வரிசைய தான் கேக்குது. பரீட்சை பாஸ் பண்ணி, ரேங்க் வந்து, சர்டிபிகேட் வெரிபிகேஷன்ல போய் உக்காந்து "12வது மார்க்ஷீட் எங்கம்மா?"ன்னு கேக்கும்போது பதில் இல்லாம திரும்பி வந்தவங்கள எனக்கு தெரியும். அந்த முகத்த பாத்தவ நான், அதனால தான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

வரிசை விட்டுப் போனா அத பின்னாடி வந்து சரி பண்ண முடியாது. டிகிரி முடிச்சிட்டு அப்புறமா 12 எழுதுறேன்னு சொன்னா அது 10, டிகிரி, 12ன்னு தான் கணக்காகும். அதனால 10 முடிச்சவங்க முதல்ல 12 முடிங்க. அரசுத் தேர்வுகள் இயக்ககம் மூலமா தனித்தேர்வரா, அதாவது ஸ்கூல்ல சேராம பரீட்சை மட்டும் எழுதுறவரா எழுதலாம், ஒவ்வொரு கல்வி மாவட்டத்துலயும் சேவை மையம்னு ஒரு பள்ளிக்கூடத்த குறிச்சு அங்க தான் அப்ளிகேஷன் வாங்குவாங்க. 2025ல +1 பொதுத்தேர்வ எடுத்துட்டாங்க, அதனால தனித்தேர்வர் எந்த பரீட்சையெல்லாம் எழுதணும்னு பழைய ஆளுங்க சொல்றத நம்பாம இப்ப வந்திருக்க அறிவிப்ப பாத்து செய்யுங்க. 10வதே இல்லாதவங்க அதையும் தனித்தேர்வரா எழுதலாம், ஆனா சயின்ஸ் ப்ராக்டிகலுக்கு முன்கூட்டியே பேர் குடுத்து ஒரு ஸ்கூல்ல பயிற்சிக்கு போகணும், நிறைய பேர் அத விட்டுட்டு கடைசி நேரத்துல முழிக்கிறாங்க.

ரெண்டு வருஷம் கூடுதலா ஆகுமேன்னு தோணும், புரியுது. சொந்த திருப்திக்கு மட்டும் தான், எந்த வேலைக்கும் காட்டப் போறதில்லன்னா நீங்க நேராவே சேரலாம், அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா அஞ்சு வருஷம் கழிச்சு மனசு மாறாதுன்னு உறுதியா சொல்ல முடியுமா, நான் கேக்குறது அவ்ளோ தான்.

நான் 10 முடிச்சிட்டு ஐ.டி.ஐ. பண்ணேன். அது 12க்கு சமமா?

10வதும் 2 வருஷ ஐ.டி.ஐ.யும் இருந்து, 12வதுல தமிழ், இங்கிலீஷ் ரெண்டு மொழிப்பாடம் மட்டும் எழுதி பாஸ் பண்ணா 12க்கு இணையா சான்று வாங்கலாம். 8வது முடிச்சு ஐ.டி.ஐ. போனவங்களுக்கும் இதே மாதிரி 10க்கு இணையா ஒரு வழி இருக்கு. நீங்க படிச்ச ஐ.டி.ஐ. ஆபீஸ்ல கேட்டா விவரம் சொல்வாங்க. மெக்கானிக்கா எலக்ட்ரீஷியனா இருக்க எத்தனையோ பேருக்கு இது தெரியாமலே இருக்கு.

டிப்ளமோ முடிச்சு கம்பெனில இருக்கேன், பி.இ. பண்ண முடியுமா?

முடியும். வேலை பாக்குற டிப்ளமோக்காரங்களுக்குன்னே மாலை நேர பார்ட் டைம் பி.இ. இருக்கு, கோயம்புத்தூர்ல ஜி.சி.டி., சி.ஐ.டி., பி.எஸ்.ஜி. டெக் மாதிரி காலேஜ்ல நடக்குது, தனி கவுன்சிலிங். காலேஜ் இருக்க ஊர்லயோ பக்கத்துலயோ வேலைல இருந்தா தான் சரிப்பட்டு வரும், ஷிப்ட் மாத்தி குடுக்க கம்பெனில பேசி வச்சுக்கோங்க.

கரஸ்ல படிச்ச டிகிரிக்கு மதிப்பு இருக்கா? யாரும் மதிக்க மாட்டாங்கன்னு சொல்றாங்களே.

சட்டப்படி இருக்கு. பல்கலைக்கழகங்கள மேற்பார்வை பாக்குற யு.ஜி.சி. 2022 செப்டம்பர்ல தெளிவா அறிவிச்சிருக்கு, அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகத்துல தொலைதூரத்துலயோ ஆன்லைன்லயோ வாங்குன டிகிரி ரெகுலர் டிகிரிக்கு சமம்னு.

இதுல "அங்கீகாரம்"ங்கிறத கவனிங்க. பல்கலைக்கழகம் பேர் பெத்ததா இருந்தா மட்டும் பத்தாது, நீங்க சேர்ற அந்த வருஷத்துக்கு, நீங்க சேர்ற அந்த கோர்ஸ தொலைதூரத்துல நடத்த யு.ஜி.சி.யோட தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி குடுத்திருக்கணும். அந்த லிஸ்ட் அவங்க வெப்சைட்லயே இருக்கு, பல்கலைக்கழகம் பேர போட்டு தேடுனா எந்தெந்த கோர்ஸுக்கு எந்த வருஷம் வரைக்கும் அனுமதின்னு வந்துடும். பெரிய பெரிய பல்கலைக்கழகத்துக்கே நடுவுல சில வருஷம் அனுமதி இல்லாம போயி, அந்த வருஷம் சேர்ந்த பிள்ளைங்க தவிச்சது நம்ம ஊர்ல நடந்திருக்கு. பத்து நிமிஷம் செலவு பண்ணி அத பாத்துடுங்க.

அப்புறம் இந்த ஏஜென்ட் ஆளுங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல மாடில ஒரு ரூம், வெளில "ஒரே வருடத்தில் டிகிரி"ன்னு போர்டு, உள்ள போனா வடநாட்டுல நீங்க கேள்விப்படாத ஒரு பல்கலைக்கழகம் பேர் சொல்லுவாங்க, பரீட்சை எழுத வேணாம் நாங்க பாத்துக்கிறோம்பாங்க. மூணு வருஷ டிகிரிய யாராலயும் ஒரு வருஷத்துல சட்டப்படி குடுக்க முடியாது. அது போலி, அத கொண்டு போய் ஆபீஸ்ல குடுத்தா வேலையோட போகாது, கேஸும் வரும். எங்க தெருவுல ஒரு தம்பி இப்படி ஒரு இடத்துல நகைய அடகு வச்ச காச கட்டிட்டு வந்து நின்னான், ரசீதுல பல்கலைக்கழகம் பேரே இல்ல, வெறும் ட்ரஸ்ட் பேரு. பீஸ் எப்பவும் பல்கலைக்கழகத்தோட வெப்சைட்ல நேரா ஆன்லைன்ல கட்டுங்க, கையில குடுக்காதீங்க.

எங்க சேரலாம், எந்த கோர்ஸ் எடுக்கலாம்?

நம்ம ஊர்ல முக்கியமா ரெண்டு திறந்தநிலை பல்கலைக்கழகம். ஒன்னு 2002ல ஆரம்பிச்ச தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சென்னை சைதாப்பேட்டைல இருக்கு. இன்னொன்னு 1985ல இருந்து நடக்குற இக்னோ, அதுக்கு சென்னைலயும் மதுரைலயும் மண்டல மையம் இருக்கு. இது போக சென்னைப் பல்கலைக்கழகம் மாதிரி மாநில பல்கலைக்கழகங்களோட தொலைதூரக் கல்வி மையங்கள். வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஜூலைலயும் ஜனவரிலயும் அட்மிஷன் நடக்கும், தேதிய பல தடவ நீட்டிப்பாங்க.

கோர்ஸ் விஷயத்துல நான் எல்லார்கிட்டயும் கேக்குறது ஒன்னே ஒன்னு தான், இந்த டிகிரிய வச்சு என்ன பண்ணப் போறீங்க? ஏதாவது ஒரு டிகிரி போதும், டி.என்.பி.எஸ்.சி. எழுதணும்னா உங்களுக்கு புடிச்ச, சீக்கிரம் பாஸ் பண்ணக்கூடிய பாடம் எடுங்க, வரலாறு எடுத்தா அந்த பரீட்சைக்கே உதவும். டீச்சர் ஆகணும்னா பி.எட். படிக்க ஏத்த பாடமான்னு பாத்து எடுக்கணும். அக்கவுன்ட்ஸ் வேலைல இருக்கவங்க பி.காம். எடுத்தா ஆபீஸ்ல பாக்குறதும் புத்தகத்துல இருக்கறதும் ஒன்னுக்கொன்னு துணையா இருக்கும்.

எல்லாத்தையும் தொலைதூரத்துல படிக்க முடியாது. இன்ஜினியரிங், மெடிக்கல், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், ஆர்க்கிடெக்சர், விவசாயம் இதெல்லாம் கிடையாது. சைக்காலஜிய 2025ல யு.ஜி.சி. இந்த பட்டியல்ல சேத்துடுச்சு, அதனால "சைக்காலஜி கரஸ்ல சேத்து விடுறோம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

புத்தகத்த தொட்டு 15 வருஷம் ஆச்சு. மண்டைல ஏறுமா?

ஏறும். முதல் ரெண்டு மாசம் ஏறாத மாதிரி இருக்கும், அதுக்கு காரணம் உங்க மூளை இல்ல, பழக்கம் விட்டுப் போனது தான். ஒரு பக்கம் படிச்சிட்டு என்ன படிச்சோம்னு கேட்டா ஒன்னும் ஞாபகம் இருக்காது, தூக்கம் வரும், போன் கை தானா எடுக்கும். அப்ப விட்டுடாதீங்க.

எல்லாரும் மறக்குற விஷயம் எழுதுறது. வருஷக்கணக்கா நாம கையெழுத்து போடுறது, மளிகை லிஸ்ட் எழுதுறது தவிர பேனாவே புடிச்சிருக்க மாட்டோம். திடீர்னு 3 மணி நேரம் விடாம எழுதுனா கட்டை விரலுக்கு கீழ சதை இறுகி வலிக்க ஆரம்பிக்கும், கையெழுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல கோணிக்கிட்டு போகும், விடை தெரிஞ்சும் எழுத நேரம் பத்தாது. இதுக்கு மருந்து அசைன்மென்ட் தான். இக்னோல எல்லாம் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், பரீட்சைக்கு 70 சதவீதம். அசைன்மென்ட்ட கையால தான் எழுதி குடுக்கணும். நிறைய பேர் கடைல விக்கிற ரெடிமேட் விடைய வாங்கி கண்ண மூடிட்டு காப்பி அடிப்பாங்க, அது மார்க்குக்கு ஆகும், ஆனா உங்களுக்கு கிடைக்கிற ஒரே பயிற்சிய நீங்களே வீணாக்குறீங்க. புத்தகத்த படிச்சு, மூடி வச்சு, ஏ4 பேப்பர்ல மார்ஜின் போட்டு, கடிகாரத்த பாத்து சொந்தமா எழுதுங்க. பரீட்சைக்கு போறப்ப கை பழகியிருக்கும், பாதி பாடமும் அதுலயே முடிஞ்சிருக்கும். இக்னோ பி.ஏ.வுக்கு பாஸ் மார்க் 35 தான், பயப்பட ஒன்னும் இல்ல.

நேரம்? ஆபீஸ் போறவங்க, பசங்க இருக்கவங்க, தினமும் 3 மணி நேரம் படிக்கிறேன்னு டைம்டேபிள் போட்டா நாலாவது நாள் கிழிஞ்சிடும். ஒரு மணி நேரம் போதும், ஆனா அது தினமும் ஒரே நேரமா இருக்கணும், வீட்ல எல்லாருக்கும் அந்த நேரம் தெரிஞ்சிருக்கணும். நான் காலைல 5 மணில இருந்து 6 மணி வரைக்கும் வச்சிருந்தேன், பால்காரர் வர்ற வரைக்கும் எந்த சத்தமும் இருக்காது.

எனக்கு இங்கிலீஷ் வராது.

தமிழ் வழில படிங்க. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல நிறைய டிகிரி தமிழ்லயே இருக்கு, புத்தகமும் தமிழ், பரீட்சையும் தமிழ். ஒன்னாம் வகுப்புல இருந்து டிகிரி வரைக்கும் தமிழ் வழில படிச்சவங்களுக்கு மாநில அரசு வேலைல 20 சதவீத முன்னுரிமை இருக்கு, அதுக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் தமிழ் வழி சான்று காட்டணும், தனித்தேர்வரா எழுதுனவங்க அந்த வேலையோட நோட்டிபிகேஷன்ல தங்களுக்கு என்ன போட்டிருக்குன்னு பாத்துக்கோங்க. இங்கிலீஷ்னு ஒரு பேப்பர் எப்படியும் இருக்கும், அத தனியா ஒரு செமஸ்டர் முழுக்க நேரம் குடுத்து படிச்சா பாஸ் பண்ணிடலாம்.

வீட்ல "இந்த வயசுல படிச்சு என்ன கலெக்டராவா ஆகப் போற"ங்கிறாங்க. என்ன சொல்றது?

இந்த கேள்விய என்கிட்ட கேட்டது எல்லாமே பொண்ணுங்க தான், ஒரு ஆம்பள கூட கேட்டதில்ல. 18 முடிஞ்சதும் கல்யாணம் பண்ணி குடுத்தது அவங்க முடிவு, படிப்ப நிறுத்துனது அவங்க முடிவு, இப்ப பசங்க ஸ்கூலுக்கு போக ஆரம்பிச்சு ஒரு மூச்சு விட நேரம் கிடைச்சா அப்பவும் கேலி. எனக்கு இதுல கோவம் வரும், மறைக்க விரும்பல.

ஆனா சண்ட போட்டு ஜெயிக்கிறத விட வேற வழி வேலை செய்யுதுன்னு பாத்திருக்கேன். எங்க வார்டுல ஒரு பொண்ணு, மாமியார் சுத்தமா ஒத்துக்கல. அவ யார்கிட்டயும் எதுவும் பேசாம பையன் வீட்டுப்பாடம் எழுத உக்கார்ற நேரத்துல அவ புத்தகத்தையும் எடுத்துட்டு பக்கத்துல உக்காந்தா, தினமும். அம்மா படிக்கிறத பாத்து பையன் எந்திரிக்காம உக்கார ஆரம்பிச்சான், அத பாத்த மாமியார் ரெண்டாவது வருஷம் பரீட்சை அன்னைக்கு தானே சோறாக்கி டிபன் பாக்ஸ்ல கட்டி குடுத்தாங்க. எல்லா வீட்லயும் இப்படி நடக்கும்னு சொல்ல மாட்டேன். சில வீட்ல கடைசி வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை நல்லா சொல்ல மாட்டாங்க, அங்கயும் படிச்சு முடிச்சவங்க இருக்காங்க. உங்க பேர்ல பேங்க் அக்கவுன்ட்டும், உங்க நம்பர்ல ஓ.டி.பி.யும், உங்க கையில ஒரிஜினல் சர்டிபிகேட்டும் இருக்கட்டும், இத மட்டும் யார்கிட்டயும் குடுக்காதீங்க.

கணவர்மார்கள் யாராவது படிச்சீங்கன்னா, பரீட்சை பெரும்பாலும் ஜூன்லயும் டிசம்பர்லயும் வரும், அந்த மாசம் சமையல நீங்க எடுத்துக்கோங்க. வாழ்த்து சொல்றத விட அது பெரிய உதவி.

சின்ன பசங்களோட உக்காந்து பரீட்சை எழுத கூச்சமா இருக்கு.

ஒரு ஞாயித்துக்கிழமை ஏதாவது ஸ்டடி சென்டர்ல கான்டாக்ட் கிளாஸ், அதாவது தொலைதூரத்துல படிக்கிறவங்களுக்கு நேர்ல எடுக்குற வகுப்பு நடக்குறப்ப வாசல்ல நின்னு பாருங்க. டிரைவர், அங்கன்வாடி டீச்சர், போலீஸ்காரர், டெய்லர், கடை வச்சிருக்கவங்க, தல நரைச்சவங்க எல்லாரும் தான் பைய தோள்ல மாட்டிட்டு வருவாங்க. அங்க உங்கள யாரும் திரும்பி கூட பாக்க மாட்டாங்க. உங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல சேர்ந்துக்கோங்க, தேதி, ஹால் டிக்கெட், ரிசல்ட் எல்லாம் அங்க தான் முதல்ல வரும்.

முடிச்சா அரசு வேலைக்கு வயசு இருக்குமா?

வேலைய பொறுத்து. யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் பொதுப்பிரிவுக்கு 32, ஓ.பி.சி.க்கு 35, எஸ்.சி., எஸ்.டி.க்கு 37. பேங்க் ஆபீசர் பரீட்சை பொதுவா 30தோட முடிஞ்சிடும், தளர்வு இருக்கவங்களுக்கு கொஞ்சம் கூடும். ஆனா நம்ம மாநிலத்துல கதவு இன்னும் தொறந்து தான் இருக்கு. டி.என்.பி.எஸ்.சி.ல பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு பல பதவிகளுக்கு, கேட்ட தகுதிய விட கூடுதலா படிச்சிருந்தா உச்ச வயசே பாக்க மாட்டாங்க. அதாவது குரூப் 4 பதவிக்கு 10வது தான் தகுதின்னா, உங்க டிகிரி அங்க வயசுக்கு உதவுது. அரசுப் பள்ளி ஆசிரியர் நேரடி நியமனத்துக்கு 2023ல பொதுப்பிரிவுக்கு 53, மத்தவங்களுக்கு 58ன்னு உயர்த்துனாங்க. எந்த பதவிக்கு போறீங்களோ அதோட கடைசி நோட்டிபிகேஷன எடுத்து வயசு பக்கத்த மட்டும் முதல்ல படிங்க, அதுக்கப்புறம் கோர்ஸ முடிவு பண்ணுங்க.

உதவித்தொகை கிடைக்குமா?

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் ரெண்டும் மாசம் 1000 ரூபாய் திட்டம், அரசுப் பள்ளில படிச்சிட்டு ரெகுலர் காலேஜ் போறவங்களுக்கு, தொலைதூரத்துக்கு கிடையாது. திறந்தநிலை பல்கலைக்கழகத்துல பீஸ் வருஷத்துக்கு சில ஆயிரம் தான் ஆகும், தனியார் காலேஜ் பக்கத்துல வச்சு பாத்தா ரொம்ப கம்மி. மாசா மாசம் ஒரு தொகைய தனியா எடுத்து வச்சா கடன் வாங்காம முடிச்சிடலாம்.

முன்னாடி ஒரு டிகிரி பாதில விட்டேன், அரியர் இருக்கு. அத முடிக்கலாமா, புதுசா சேரலாமா?

முதல்ல பழைய பல்கலைக்கழகத்துல கேளுங்க. ஒவ்வொரு டிகிரியையும் இத்தன வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு ஒரு கெடு இருக்கு, இக்னோல 3 வருஷ பி.ஏ.வ அதிகபட்சம் 6 வருஷத்துல முடிக்கணும். அது தாண்டியிருந்தாலும் நம்ம பல்கலைக்கழகங்கள் அப்பப்ப பழைய மாணவர்களுக்கு சிறப்பு அரியர் தேர்வு நடத்துவாங்க, அண்ணா பல்கலைக்கழகம் கூட நடத்தியிருக்கு. ரெண்டு மூணு பேப்பர் தான் பாக்கின்னா அதுக்கு காத்திருந்து எழுதுங்க. பாதிக்கு மேல பாக்கின்னா புதுசா சேர்றது தான் என் அபிப்ராயம், சிலபஸ் எல்லாம் மாறியிருக்கும்.

டி.சி., மார்க்ஷீட் தொலைஞ்சு போச்சு. ஆதார்ல பேரும் வேற மாதிரி இருக்கு. என்ன பண்றது?

மார்க்ஷீட் தொலைஞ்சா தமிழ்நாடு காவல்துறை வெப்சைட்ல தொலைந்த ஆவணம்னு பதிஞ்சு அந்த ரசீத எடுத்துக்கோங்க, அத வச்சு அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு நகல் கேட்டு விண்ணப்பிக்கணும். டி.சி.க்கு படிச்ச ஸ்கூலுக்கு நேர்ல போங்க, நீங்க படிச்ச வருஷமும் சேர்க்கை எண்ணும் தெரிஞ்சா பழைய ரெஜிஸ்டர்ல சீக்கிரம் தேடி எடுத்துடுவாங்க. ஸ்கூல் லீவு விடுறதுக்கு முன்னாடி போயிடுங்க, மே மாசம் போனா ஆபீஸ்ல ஆள் இருக்க மாட்டாங்க.

பேர் விஷயத்த அட்மிஷனுக்கு முன்னாடியே முடிச்சிடணும். 2024ல இருந்து தொலைதூரத்துல சேர ஒவ்வொருத்தரும் ஏ.பி.சி. ஐடியும் (படிப்புல வாங்குற கிரெடிட்ட சேத்து வைக்கிற கணக்கு எண்) டெப் ஐடியும் (யு.ஜி.சி.யோட தொலைதூரக் கல்விப் பிரிவு குடுக்குற எண்) எடுக்கணும், அது ஆதார் வழியா தான் வரும். 10வது மார்க்ஷீட்ல "எம். செல்வி", ஆதார்ல "செல்வி முருகேசன்"னு இருந்தா அங்கயே மாட்டிக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் கணவர் பேர சேத்தவங்களுக்கு இது ரொம்ப வரும். 10வது மார்க்ஷீட்ல என்ன இருக்கோ அதே எழுத்து, அதே இனிஷியல் ஆதார்ல வர்ற மாதிரி ஆதார் மையத்துல மாத்திடுங்க, மாத்துனது வந்து சேர்ந்த பிறகு ஐடி எடுங்க, அதுக்கப்புறம் பீஸ் கட்டுங்க.